தொண்ணூற்றாறும் பன்னிரண்டும்

ராஜகுமாரி பயப்படுகிறவள் என்பது பூம்பாறையில் எல்லோருக்கும் தெரியும். கணவர் வரும் மாலை பஸ் பத்து நிமிடம் பிந்தினால் அவள் ரோட்டுக்கே வந்து நின்றுவிடுவாள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய தம்பி மதுரைக்குப் போகும் பஸ்ஸில், உட்கார்ந்த சீட்டிலேயே மாரடைப்பில் செத்துப் போனான். பக்கத்தில் இருந்தவர் அவன் தூங்குகிறான் என்றே நினைத்திருந்தார். அதற்குப் பிறகு அவள் எட்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள் அவளிடம் எதையும் பார்த்துப் பார்த்துப் பேச ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

கணவர் சிவமுருகன் பூண்டி அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஒரே மகள் சௌம்யா கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளனே எழுந்து இரண்டு பேரும் பூண்டுத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல் பாத்தியில் அவர், கீழ்ப் பாத்தியில் அவள். களைக்கொத்து கல்லில் பட்டு உருளும் சத்தம் கேட்டு ராஜகுமாரி நிமிர்ந்தாள். சிவமுருகன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது யாருடைய கையோ போலத் தொங்கியது.

"என்னங்க?"

அவர் ஏதோ சொன்னார். வார்த்தையாக வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அப்படியே பாத்தி வரப்பில் சரிந்து உட்கார்ந்தார்.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து நல்லசாமி ஓடி வந்தார். அவரிடம் ஜீப் இருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் கிடத்தினார்கள்.

"மணி என்ன?" என்று கேட்டாள் ராஜகுமாரி.

"அத எதுக்கு இப்ப கேக்குறீக மதினி? ஏறுங்க வெரசா."

"மணி என்னன்னு கேட்டேன்ல!"

"ஏழு இருவது."

பஸ்ஸில் செத்த தம்பிக்கு எத்தனை மணிக்கு உயிர் போனது என்று கடைசி வரை யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கேட்டாள்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டதும் அதே கேள்விதான். ஏழு இருபது என்று ராஜகுமாரி சொன்னதும் அவர் தலையை ஆட்டினார்.

"நல்லது. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு மாதிரி தெரியுது. இங்க ஸ்கேன் இல்ல, திண்டுக்கல் போகணும். அடைப்புதான்னா, கட்டியக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்ச நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் போட முடியும். அதாவது பதினொன்னு அம்பதுக்குள்ள. அப்புறம்…" அவர் இதயத் துடிப்புப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "இவருக்குத் துடிப்பு சீரா இல்ல. இது புதுசா வந்த மாதிரி தெரியல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?"

"மாத்திரையா? தலைவலிக்குக்கூடப் போட மாட்டாருங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த மாத்திரை உடம்புல இருக்கும்போது இந்த ஊசியப் போட்டா மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும். சில மாத்திரை ரத்தத்துல இருக்கா இல்லையான்னு சட்டுனு டெஸ்ட் பண்ணிக்கூடப் பாக்க முடியாது. திண்டுக்கல்லுல இதத்தான் முதல்ல கேப்பாங்க."

அவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனார். ராஜகுமாரி வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் சௌம்யா அழுதாள். பிறகு அழுகைக்கு நடுவே, "அம்மா, அப்பா உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாங்கம்மா" என்றாள்.

"எத?"

"மதுரைல ஹார்ட் டாக்டரப் பாத்தாங்க. ஒரு வருஷம் ஆச்சு. ஏதோ மாத்திரை குடுத்திருக்காங்க. பேர் தெரியாது. பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லன்னாங்க. உனக்குத் தெரிஞ்சா தூங்க மாட்டேன்னு…"

ஒரு வருடம். பள்ளிக்கூடச் சோலி என்று சொல்லி அவர் மதுரைக்குப் போன சனிக்கிழமைகள் ராஜகுமாரிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"எந்த ஆஸ்பத்திரி?"

"தெரியாதும்மா. எல்லாம் அப்பா போன்லதான் இருக்கும். சீட்டெல்லாம் போட்டோ எடுத்து வச்சுக்குவாங்க."

போன் சிவமுருகனின் சட்டைப் பையில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. நர்ஸ்கள் அறையில் அதை மாட்டி உயிர் கொடுத்தாள். அவர் விரலை எடுத்து வைத்துப் பார்த்தாள். அணைந்து எழுந்த போன் விரலை ஏற்கவில்லை. நான்கு இலக்க எண்ணைக் கேட்டது. அவளுக்குத் தெரிந்த பழைய எண் 2030. ஏதோ வருடம் போல இருக்கிறதே என்று அப்போது நினைத்திருந்ததால் மறக்கவில்லை. போட்டாள். தவறு. சௌம்யா பிறந்த தேதி, தவறு. கல்யாணத் தேதி, அதுவும் தவறு. இன்னும் இரண்டு முறைதான் முயலலாம், அதன் பின் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்வேன் என்றது போன். அவள் அதைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

எட்டே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. உள்ளே சிவமுருகனின் தலைமாட்டில் லீலா என்ற நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். ராஜகுமாரி கால்மாட்டில். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கீழேயிருந்து சுற்றுலா வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டும் ஒதுங்க இடமில்லாமல் வளைவுகளில் நின்றன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ராஜகுமாரி லீலாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அவர் பர்ஸுல ஏதும் சீட்டு இருக்கான்னு பாருங்க. சில பேரு மாத்திரை பேர எழுதி வச்சிருப்பாங்க."

பர்ஸில் பஸ் டிக்கெட், அடையாள அட்டை, ஒரு சின்ன பாக்கெட் டைரி இருந்தன. மாத்திரைப் பெயர் எங்கும் இல்லை. டைரியின் கடைசிப் பக்கத்தில் 'போன்' என்று தலைப்பு. அதன் கீழே ஒரு வரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது: கூ. 50, மீ.பொ.கா. 10. அதற்குக் கீழே அடிக்கப்படாத ஒரு வரி: கூ. 96, மீ.பொ.கா. 12.

ராஜகுமாரிக்கு உடனே புரிந்தது. சாயங்காலம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் அவர் போனை எடுத்து விளையாடுவார்கள். எந்த எண் வைத்தாலும் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவர் சலித்துக்கொண்டிருக்கிறார். அதனால் எண்ணை எழுதாமல் எண்ணுக்கு வழியை எழுதி வைத்திருக்கிறார்.

"ரெண்டு நம்பரு" என்றாள் லீலாவிடம். "ரெண்டையும் கூட்டுனா தொண்ணூத்தாறு. மீப்பெரு பொதுக் காரணி பன்னெண்டு. ரெண்டையும் மீதியில்லாம வகுக்குற எண்ணுல பெரிய எண்ணு பன்னெண்டுதான். அந்த ரெண்டையும் சேத்து எழுதுனா போன் நம்பரு."

"பழசு அப்படித்தான் இருந்துச்சா?"

ராஜகுமாரி மனதுக்குள் பார்த்தாள். 2030. இருபதும் முப்பதும். கூட்டினால் ஐம்பது. இரண்டையும் வகுக்கும் பெரிய எண் பத்து. "ஆமா. சின்னது முன்னாடி, பெரிசு பின்னாடி."

அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனால் கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் கணக்குப் புத்தகத்தைத் தொட்டதில்லை. அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே முன்னறையில் அவர் நடத்துவதைக் கேட்டதோடு சரி. லீலாவின் பேனாவை வாங்கி டைரியில் எழுத முயன்றாள். வண்டி வளைவில் சாய, பேனா கோணலாக இழுத்துக்கொண்டு போனது. பெருமாள்மலை தாண்டியிருந்தார்கள்.

பன்னிரண்டால் வகுபட வேண்டுமானால் இரண்டு எண்ணும் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் இருக்க வேண்டும். 12, 24, 36, 48, 60, 72, 84. தொண்ணூற்றாறு என்பது எட்டு பன்னிரண்டு. எட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றும் ஏழும், இரண்டும் ஆறும், மூன்றும் ஐந்தும், நாலும் நாலும். அவள் எழுதினாள்:

12, 84
24, 72
36, 60
48, 48

"நாலு இருக்கேக்கா. ரெண்டு தடவதான போட முடியும்?" என்றாள் லீலா. குனிந்து பார்த்து, "24, 72 போட்டுப் பாப்பமா? இதுதான் நம்பர் மாதிரி இருக்கு" என்றாள்.

ராஜகுமாரியின் விரல் இரண்டையும் நாலையும் அழுத்திவிட்டது. ஏழை அழுத்தப் போகும்போது நின்றாள். டியூஷன் பிள்ளைகளிடம் அவர் கத்துவது காதில் விழுந்தது போல இருந்தது. 'ஏலே, பன்னெண்டு வகுக்குது சரி. அதுக்கு மேல பெரிசு எதுவும் வகுக்குதான்னு பாத்தியா?'

இருபத்துநாலையும் எழுபத்திரண்டையும் பன்னிரண்டு வகுக்கும். ஆனால் இருபத்துநாலும் வகுக்கும். அப்படியானால் பெரியது இருபத்துநாலு, பன்னிரண்டு அல்ல.

"இது இல்ல" என்று அழித்தாள். "நாப்பத்தெட்டும் நாப்பத்தெட்டும் இல்ல. அதுக்கு நாப்பத்தெட்டே பெரிசு. பிரிச்சதுல ரெண்டும் ஆறும் வந்தா ரெண்டுக்கும் பொதுவா ரெண்டு இருக்கு. அப்படிப் பொதுவா எதுவும் இருக்கக் கூடாது. ஒண்ணும் ஏழும் சரி. மூணும் அஞ்சும் சரி."

மீதி இரண்டு. 1284 அல்லது 3660. முயலவும் இரண்டே முறை.

இது அவளுக்கு நிம்மதி தந்திருக்க வேண்டும். தரவில்லை. சின்னது முன்னால் என்பது ஒரே ஒரு பழைய எண்ணை வைத்துச் சொன்னது. இந்த முறை அவர் மாற்றி வைத்திருந்தால்? தன் கூட்டல் தப்பாக இருந்தால்? மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். எண்பத்துநாலும் பன்னிரண்டும் தொண்ணூற்றாறு. அறுபதும் முப்பத்தாறும் தொண்ணூற்றாறு. சிவமுருகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கிறாரா, புரிகிறதா என்று தெரியவில்லை.

"என்னங்க, பன்னெண்டு எண்பத்துநாலா?" என்று குனிந்து கேட்டாள். அவர் தொண்டையிலிருந்து ஒரு ஒலி வந்தது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

1284 போட்டாள். போன் ஒரு முறை அதிர்ந்து மறுத்தது. இன்னும் ஒரு முறை.

"அக்கா, ரோடு நேரா வரட்டும். வளைவுல போடாதீங்க. விரல் வேற நம்பர்ல பட்டுரும்" என்றாள் லீலா. டிரைவர் ராமரைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு நிமிசம் மெதுவாப் போங்க" என்றாள்.

டம்டம் பாறைக்குச் சற்று முன்னால் ஒரு நேர் ரோட்டில் வண்டி வேகம் குறைந்தது. ராஜகுமாரி மூன்று, ஆறு, ஆறு, பூஜ்யம் என்று வாய்விட்டுச் சொல்லி ஒவ்வொன்றாக அழுத்தினாள். போன் திறந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கரும்பலகை, பிள்ளைகள், பூண்டு மூட்டை, பிறகு மதுரை டாக்டரின் சீட்டு. லீலா போனை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைதான்க்கா. தினம் ரெண்டு வேளை." மலை அடிவாரத்தில் காட்ரோடு வந்து சிக்னல் கிடைத்ததும் திண்டுக்கல்லுக்குப் பேசினாள். மறுமுனையில் சொன்னதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இந்த மாத்திரை சாப்பிட்டிருந்தா ஊசி போட மாட்டாங்களாம். குழாய் விட்டுக் கட்டிய எடுக்க மதுரைக்குத்தான் கொண்டுபோகச் சொல்லுவாங்க. ஆனா அதுக்கு…" அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வேறு யாராக இருந்தாலும் போனை அங்கேயே வைத்திருப்பார்கள். ராஜகுமாரி பூட்டின கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள். சாப்பிடச் சொல்லிச் சீட்டு இருக்கிறது, சாப்பிட்டாரா? போனில் வந்த செய்திகளைத் திறந்தாள். பள்ளிக்கூடக் குழு, சௌம்யா, உரக்கடை, அதற்குக் கீழே 'குமாரவேல் மெடிக்கல்'.

ஆறு நாளுக்கு முன், திங்கட்கிழமை, சிவமுருகன் எழுதியிருந்தார்: மாத்திரை நேற்றோடு தீர்ந்துவிட்டது. வந்துவிட்டதா?

பதில்: ஸ்டாக் இன்னும் வரலை சார். வியாழக்கிழமை வந்து பாருங்க.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

"வியாழக்கிழமை வாங்கியிருந்தா?" என்றாள் லீலா.

ராஜகுமாரி அந்த எண்ணை அழைத்தாள். போகவில்லை. மறுபடியும் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், ஆள் எடுக்காமல் போகலாம், சிக்னல் போய்விடலாம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நினைத்துக்கொண்டே விடாமல் அழைத்தாள். வத்தலக்குண்டு ஊருக்குள் நுழையும்போது எடுத்தார்கள்.

"சார், சொல்லுங்க சார். ஸ்டாக் நாளைக்குத்தான்…"

"நான் சார் வீட்டுலருந்து பேசுறேன். வியாழக்கிழமை அவரு மாத்திரை வாங்குனாரா?"

"இல்லைங்க, வரவே இல்லையே. வந்தாலும் இருந்திருக்காதுங்க."

"வேற கடையில?"

"கொடைக்கானல்ல எந்தக் கடையிலயும் இல்லைங்க. நான்தான் விசாரிச்சு வச்சேன். ஏன், சாருக்கு என்ன?"

அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். அந்த வியாழக்கிழமை அவர் பூம்பாறையை விட்டு பூண்டிப் பள்ளியைத் தவிர எங்கும் போகவில்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். திங்களிலிருந்து சனி வரை மற்ற நாட்களும் அப்படித்தான். அவர் எப்போது போனார், எப்போது வந்தார் என்பதைக் கவனிப்பதே அவளுக்கு வேலையாக இருந்தது. அதற்காகத்தான் எல்லோரும் அவளைக் கேலி செய்வார்கள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியை அடைந்தபோது மணி பதினொன்று ஐந்து. ஸ்கேன் எடுத்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. அடைப்புதான். டாக்டர் கதிர்வேல் என்பவர் சிறிய வயதுக்காரர். சீட்டையும் செய்தியையும் இரண்டு முறை படித்தார்.

"ஒரு வாரமா சாப்பிடலைன்னா ஊசி போடலாம். வழக்கமான ரத்தப் பரிசோதனை சரியா இருக்கு. ஆனா இந்த மாத்திரையப் பத்தி அதுல முழுசாத் தெரியாது. நீங்க சொல்றத நம்பித்தான் போடணும். வேற எங்கயாவது வாங்கிச் சாப்பிட்டிருந்தா ரத்தக் கசிவு வரலாம். உயிருக்கே ஆபத்து. சொல்லுங்கம்மா, நிச்சயமாச் சாப்பிடலையா?"

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கொடுத்த பேனா அவள் கையில் இருந்தது. ஒரு வருடம் தனக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிட்ட மனிதர் இவர். ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் எப்படி நிச்சயம் சொல்வது? வியாழக்கிழமையை மறுபடி காலையிலிருந்து நினைத்துப் பார்த்தாள். எட்டு மணி பஸ். ஐந்தே காலுக்குத் திரும்பி வந்தார். டியூஷன். சாப்பாடு. வெள்ளி. சனிக்கிழமை முழுக்கத் தோட்டம். யாரும் வந்து எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

"சாப்பிடல" என்றாள். கையெழுத்தில் பெயரின் கடைசி எழுத்து காகிதத்தை விட்டு வெளியே போனது.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஊசி ஏறியது. அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. கதவின் கண்ணாடி வட்டத்தில் அசையாமல் கிடந்த அவர் வலது காலின் பெருவிரல் மட்டும் தெரிந்தது. அதையே பார்த்தபடி நின்றாள். ரத்தம் கசிந்தால் என்ன தெரியும், முதலில் தலை வலிக்குமா, வாந்தி வருமா என்று போகிற வருகிற நர்ஸ்களையெல்லாம் கேட்டாள். ஒருத்தி எரிச்சலோடு, "பயப்படாம உக்காருங்கம்மா" என்றாள். ஒரு மணி சுமாருக்கு அந்த வலது பெருவிரல் அசைந்தது. தன் கண்தான் ஆடுகிறதோ என்று நினைத்தாள். மறுபடியும் அசைந்தது. உள்ளே டாக்டர், "இன்னொரு தடவ மடக்குங்க சார்" என்று சொல்வது கேட்டது. அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். சிவமுருகன் கம்பு ஊன்றி நடந்தார். பேச்சு வந்துவிட்டது, ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துத்தான் வைத்தார். வலது கையால் சாக்பீஸ் பிடிக்க ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அதுவும் உறுதியில்லை.

மாத்திரைகளை இப்போது அவள்தான் வாங்கினாள், இரண்டு மாதத்துக்குச் சேர்த்து. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள். இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு வார்த்தையைத் தேடினார். "நீ… பயப்படுவ."

"அன்னிக்கு மட்டும் பயப்படாமலா கூட்டிட்டுப் போனேன்?"

அவர் கண் கலங்கியது. அவளுக்குக் கோபம் தீரவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை சௌம்யா போன் செய்தாள். "அம்மா, உங்கிட்டதான் முதல்ல சொல்றேன். நேத்து ராத்திரியில இருந்து எனக்குக் காய்ச்சல்."

ராஜகுமாரி அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன டிகிரி? எப்ப இருந்து? சரியா மணியச் சொல்லு" என்றாள்.